அம்மா காட்டுக்குப் போன படம்

தாரகை இதுவரை நாற்பத்தொரு தாய்மார்களைக் கொன்றிருக்கிறாள். அவர்களில் நான்கு பேர் மீன்கள், இரண்டு பேர் யானைகள், ஒருத்தி பேசும் ஆட்டோ ரிக்‌ஷா. மற்றவர்களெல்லாம் ராணிகள். போலீஸ் அவளைத் தேடவில்லை. அலுவலகத்தில் வருடா வருடம் பொன்னாடைதான் போர்த்தினார்கள்.

கோயம்புத்தூர் குறும்பாடு பிக்சர்ஸ் குழந்தைகளுக்கு அனிமேஷன் படம் எடுக்கும் கம்பெனி. அங்கே தாரகை தலைமைக் கதைப் பொறுப்பாளர். அந்தப் பதவிக்கு முதல் வேலை, படம் தொடங்கி ஏழு நிமிடத்துக்குள் அம்மாவை அனுப்பிவைப்பது. வெள்ளம், விஷக் காய்ச்சல், பிரசவம், சாய்ந்த மரம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே சாவு இரண்டு படத்தில் வந்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். அம்மா போனால்தான் பிள்ளை வாசலைத் தாண்டும், பிள்ளை வாசலைத் தாண்டினால்தான் கதை நகரும். அப்பாவைக் கொல்லும் வழக்கம் இல்லை. அவர் உயிரோடு இருந்தாலும் கதைக்கு ஒரு இடைஞ்சலும் வந்ததில்லை.

கதையை யாரும் எழுதுவதும் இல்லை. அந்தக் காலம் மலையேறிவிட்டது. மூடிப்போன ஒரு பஞ்சாலைக் கட்டடத்தில் எந்திரத்தை வைத்திருந்தார்கள். ஊழியர்கள் அதை மில் என்றுதான் சொல்வார்கள். ஒரு ராஜாவையும் ஒரு சிறுமியையும் ஓர் அரக்கனையும் அதற்குள் விட்டால், அவரவர் குணப்படி அவரவர் நடந்துகொள்வார்கள். நடந்ததை வெட்டி ஒட்டினால் சினிமா.

சோறு போடும் தொழில் என்று தாரகை அவள் பாட்டுக்கு இருந்தாள், மகளின் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வரும்வரை.

மகள் பெயர் யாத்விகா. எண் கணிதக்காரர் ஒருவர் எடுத்துக் கொடுத்த பெயர், அர்த்தம் அவருக்கும் தெரியாது. வயது ஆறு. இளவரசி வேஷம் போடப்போகிறேன் என்றாள். அன்று காலை எட்டு மணிக்கே தாரகைக்கு மீட்டிங், ஒரு மீன் தாயைக் கரையொதுக்க வேண்டியிருந்தது. ஆகவே கணவன் நவநீதன்தான் பிள்ளைக்குக் கிரீடம் வைத்து, கவுன் மாட்டிவிட்டான். தாரகை தனியாக நிற்கும் ரிசப்ஷன் போட்டோ வேண்டும் என்று பிள்ளை கேட்டது. சட்டத்தோடு கழற்றிக் கொடுத்தான். மாலை வேண்டும் என்றது. பூஜை அறையில் கிடந்த பிளாஸ்டிக் மாலையைப் போட்டு, நெற்றியில் குங்குமமும் வைத்துக் கொடுத்தான். அலங்காரம் என்று நினைத்தானாம்.

மேடையில் மிஸ் மைக்கை நீட்டினார்.

"நீ யாரு கண்ணு?"

"இளவரசி."

"கையில என்ன?"

"எங்கம்மா. செத்துட்டாங்க."

"அய்யய்யோ! எப்படி?"

"தெரியல மிஸ். இளவரசின்னா அம்மா செத்திருக்கோணும்ல? அப்பத்தான காட்டுக்கு உடுவாங்க."

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசைத் தக்காளி தட்டிக்கொண்டு போனது. போட்டோ பெற்றோர் குழுவில் ஏறி, அங்கிருந்து சொந்தக்காரர்களிடம் பரவி, மத்தியானத்துக்குள் நவநீதனுக்கு இரண்டு துக்க விசாரிப்பு வந்துவிட்டது. பல்லடத்து மாமா ஒருவர் காரில் கிளம்பியே விட்டார். பாதி வழியில் தாரகையே பேசி அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் லேசில் நம்பவில்லை, வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னார்.

சாயங்காலம் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் சாமி அப்பிடிச் சொன்ன?"

"நெசமா சாக வேண்டாம்மா. சும்மா, கொஞ்ச நாளைக்கு."

"நான் இருந்தா உனக்கு என்ன கஷ்டம்?"

யாத்விகா நன்றாக யோசித்தாள். "கஷ்டமெல்லாம் இல்ல. ஆனா நீ இருந்தா எனக்கு ஒண்ணுமே நடக்காதுல்ல."

தான் செய்த நாற்பத்தொரு கொலையும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் தாரகைக்கு விளங்கியது. அம்மா கடைசிவரை உயிரோடு இருக்கிற ஒரு படத்தை இந்தப் பிள்ளைக்குக் காட்டியே தீருவது என்று முடிவு கட்டினாள்.

முதலாளி சம்பத் கெட்டவர் இல்லை. கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"ஏனுங் அம்மணி, அம்மாவப் பாக்கறதுக்கு எவங்க தியேட்டருக்கு வருவாங்க? அது ஊட்லதான் இருக்குதே."

"ஒரே ஒரு படம் சார்."

"சரி, ஓட்டிப் பாருங்க. மே மாசத்துக்கு தியேட்டர் எடுத்தாச்சு. சரியா வரலீன்னா இருக்கவே இருக்குது வெள்ளம்."

மில்லை இயக்குபவன் இஸ்மாயில். அவளைவிடப் பத்து வயது இளையவன், கை சுத்தமான வேலைக்காரன். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, அம்மா ஸ்டாக்லயே இல்லீங்க்கா."

"என்ன இஸ்மாயில், நாப்பத்தொரு பேரு இருந்தாங்களே?"

"மூஞ்சி மட்டுந்தான் இருக்குது. மாலை போட்ட போட்டோவுக்கும், கனவுல வந்து சிரிக்கறதுக்கும். இடுப்புக்குக் கீழ ஒருத்தருக்கும் கெடையாது. ஏழு நிமிசத்துல போறவங்களுக்குக் காலு எதுக்குன்னு ஆரம்பத்துலயே உட்டுட்டாங்க."

"அப்பா எத்தன இருக்குது?"

"அம்பத்திரண்டு. ஞாபகமறதி ராஜா, பாசக்கார ராஜா, மீசை வெச்ச விஞ்ஞானி... அரக்கன் எரநூறு. அணிலு மட்டும் முன்னூத்திச் சொச்சம்."

"புதுசா ஒரு அம்மா செய்யோணும்னா?"

"நெசமான அம்மா ஒருத்தரு கழுத்துல பட்டை கட்டிட்டு முப்பது நாள் இருக்கோணும். என்ன பண்றாங்க, எதப் பாத்தா என்ன தோணுது, எல்லாத்தையும் மில்லு கத்துக்கும். அப்பறம் உள்ள உட்டா அவங்களே நடந்துக்குவாங்க. நாம சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

தாரகை பட்டையைக் கட்டிக்கொண்டாள். படத்தில் வரும் மகளும் அசலாக இருக்கட்டும் என்று யாத்விகாவுக்கும் ஒரு சின்னப் பட்டை கட்டினார்கள். யாத்விகா அன்றைக்கே ஒன்றாம் வகுப்பு 'பி' பிரிவு முழுவதையும் கூட்டி, தான் சினிமாவில் வரப்போவதை அறிவித்துவிட்டாள். "அம்மா இருந்துமா?" என்று ஒரு பிள்ளை சந்தேகத்தோடு கேட்டதாம். "இருந்துந்தான்" என்றாளாம் இவள்.

கதைக்கு அதிகம் மெனக்கெடவில்லை. ஊரின் மழையை ஓர் அரக்கன் திருடிக் குடத்தில் அடைத்து மலைக்குகையில் வைத்திருக்கிறான், சிறுமி போய் மீட்டுவர வேண்டும். மில்லின் முதல் ஓட்டத்தில் சிறுமி வாசலில் செருப்பு மாட்டினாள். "எங்க கெளம்பிட்ட?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. விஷயத்தைக் கேட்ட அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். குகைக்குள் போய், "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்ச?" என்று அரக்கனைக் கேட்டாள். அவன் யோசித்து முடிப்பதற்குள் குடம் இவள் இடுப்பில் இருந்தது. நான்கு நிமிடம் பத்து விநாடியில் படம் முடிந்துவிட்டது.

அம்மாவுக்குக் காய்ச்சல் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த இடத்திலிருந்தே, சிறுமிக்கு அப்பாவாகப் போட்டிருந்த ராஜாவை ஒரு பக்கமும் மந்திரியை ஒரு பக்கமும் ஏவி, ஆறாம் நிமிடம் மழையை வரவழைத்தாள். நடுவில் எழுந்து சாதமும் வடித்தாள். ஊமையாக்கினார்கள். அரக்கனை ஒரு பார்வை பார்த்தாள், அவனே குடத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். கடைசியில் கல்லாக மாற்றினார்கள். அதில் அம்மா எதுவும் செய்யவில்லை. ஆனால் பிள்ளை அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது, இம்மியும் நகரமாட்டேன் என்றது. இஸ்மாயில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்த ஓட்டத்தை நிறுத்தினான்.

பழைய பாணியில் கொன்றால்தான் என்ன ஆகிறது பார்ப்போமே என்று சம்பத் ஒரு நாள் வந்து நின்றார். அம்மா வெள்ளத்தில் போனாள். பாசக்கார ராஜா கண்ணீர் விட்டார். பிள்ளை அசல் பிள்ளையாயிற்றே, மறுநாள் காலை ஏழரைக்கு ஜடை பின்னிவிடச் சொல்லி ராஜாவிடம் சீப்பை நீட்டியது. ஒன்பதாம் நிமிடம் ராஜா மறுமணம் செய்துகொண்டார்.

"எத்தன கஷ்டம் குடுத்தாலும் அந்தம்மா சமாளிக்கறாங்க்கா," என்றான் இஸ்மாயில். "ஒண்ணுமே குடுக்காம இருந்தா?"

"அப்பிடின்னா?"

"லீவு. ஒரு நாளைக்கு லீவு உட்டுப் பாப்போம்."

அந்த ஓட்டத்தில் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சோறு இருந்தது, பிள்ளைக்குச் சளி இல்லை, எந்தப் பொருள் எங்கே இருக்கிறதென்று ராஜாவுக்குத் தெரிந்திருந்தது. ராஜாவின் குணத்தில் அந்த ஒன்றைச் சேர்க்க மட்டும் மூன்று நாள் பிடித்தது. அம்மா சமையல் மேடையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து அடுப்பைப் பார்த்தாள். பிறகு கிளம்பிவிட்டாள்.

அவசரமாகத் திரும்ப வேண்டியதில்லை என்றதும் அவள் ஆளே வேறாகிப்போனாள். குகைக்குப் போகும் நேர்வழியை விட்டுவிட்டு ஆற்றோரமாக நடந்தாள். வழி தவறினாள். மரம் ஏறினாள். ஒரு கரடியிடம் வாய் கூசாமல் பொய் சொல்லித் தப்பினாள். அரக்கனோடு மல்லுக்கு நின்று முதல் தடவை தோற்று, சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். தாரகை திரைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். அப்படியொரு சிரிப்பு தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது, பட்டைக்குத் தெரிந்திருக்கிறது. எட்டாம் நாள் அந்த அம்மா மழையைக் கொண்டுவந்து சேர்த்தாள். மகள் கதவைத் திறந்து, "எனக்கு என்ன கொண்டாந்த?" என்றாள். அம்மா உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்க, மகள் வாய் பிளந்து கேட்க, படம் முடிந்தது. தொண்ணூற்று நான்கு நிமிடம்.

நாற்பது குழந்தைகளைக் கூட்டிவந்து போட்டுக் காட்டினார்கள். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று ஒரு குழந்தையும் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. சம்பத் மில்லுக்கே வந்து எல்லோருக்கும் பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு படம் சான்றிதழ்க் குழுவுக்குப் போனது. ஐந்து பேர். தலைவர் சாந்தமான மனிதர், வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். படம் முடிந்து விளக்கு போட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாருக்குதுங்க. ஒரு சந்தேகந்தான். அம்மா காட்டுக்குப் போயிர்றாங்க. கொழந்தைய யாரு பாத்துக்கறாங்க?"

"அப்பா இருக்காருங்க," என்றாள் தாரகை.

"எட்டு நாளுமா?"

"ஆமாங்க."

"அப்பாவா?"

"ஆமாங்க. சாப்பாடு போடறாரு, ஜடை பின்னறாரு. படத்துலயே வருதுங்களே."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் அம்மையார், தன் பேத்தி இதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்குவாளா என்று கேட்டார். வேறொருவர், குடும்பம் என்றால் ஒரு கட்டுக்கோப்பு வேண்டாமா என்றார். தாரகைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"போன வருசம் நான் எடுத்த படத்துல அம்மா வெள்ளத்துல போயிட்டாங்க. அதுக்கு முந்தி எடுத்ததுல தீயில. ரெண்டுக்கும் நீங்கதான் யு சான்றிதழ் குடுத்தீங்க. சாகலாம், போயிட்டுத் திரும்பி வரக்கூடாதுங்களா?"

தலைவர் பரிவோடு அவளைப் பார்த்தார். "அது வேற அம்மணி. அது விதி. இது இஷ்டம்."

பெரியவர்களுக்கு மட்டும் என்று ஏ முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மே மாதத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. சம்பத் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். குரலில் வருத்தம் இருந்தது, நிஜமான வருத்தம்தான்.

"ரெண்டே வழிதான் அம்மணி. ஒண்ணு, அம்மாவ வழக்கம்போல அனுப்பிருங்க. இல்லீன்னா அந்தப் பொண்ண எடுத்துருங்க. பொண்ணு இல்லீன்னா இவங்க அம்மாவே இல்ல. அம்மா இல்லீன்னா எங்க வேணும்னாலும் போலாம், எவனும் கேக்க மாட்டான். இவங்க வயசப் பதினாறாக் கொறச்சுருங்க."

தாரகை ஒரு நாள் அவகாசம் கேட்டாள். கேட்டாளே தவிர, அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்பத்திரண்டாவது கொலையைத் தன் முகத்தை வைத்தே செய்து, அதை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுவதா? மறுநாள் மில்லுக்குப் போய், "பொண்ண எடுத்துரு இஸ்மாயில்," என்றாள்.

"பாப்பா கேட்டா என்னங்க்கா சொல்லுவீங்க?"

"அப்பப் பாத்துக்கலாம்."

பதினாறு வயதுப் பெண்ணை அவள் அம்மா எப்படிக் காட்டுக்குத் தனியாக விட்டாள் என்று குழு அடுத்து கேட்கும். அதனால் சுவரில் மாலை போட்ட போட்டோ ஒன்றைப் போட்டுவிடலாம் என்றார் சம்பத். தாரகை அதற்கு மட்டும் மசியவில்லை. இந்தப் படத்தில் எந்த அம்மாவும் சாகக் கூடாது, ஒரே பிடி. கடைசியில் அந்தப் பெண் தாமரைப் பூவில் பிறந்தவள் என்று முடிவாயிற்று. அம்மாவே கிடையாது, கிடையாதவள் சாகவும் முடியாது. தான் நினைத்ததில் இந்த மட்டும் நிறைவேறியதே என்று தாரகை மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறு ஓட்டம் அழகாகவே வந்தது. ஆறு, மரம், கரடி, அரக்கன், சேற்றில் சிரிப்பு எல்லாம் அப்படியே இருந்தன. இஸ்மாயில் மட்டும் திருப்தியில்லாமல் கூப்பிட்டான்.

"ஒரு கோளாறுங்க்கா. காட்டுல ரொட்டி திங்கறப்ப ஓரத்தைப் பூராப் பிச்சு இந்தப் பொண்ணு தின்னுக்கறா. நடுவால மெத்துன்னு இருக்கறத எலையில மடிச்சுத் தனியா வெக்கறா. எட்டு எடத்துல. யாருக்குன்னு பாத்தா மில்லுக்கே தெரியல. மகளப் பத்துன நெனப்பெல்லாம் தொடச்சாச்சு. இது நெனப்புல இல்ல போலிருக்குது, கையில இருக்குது."

தாரகைக்கு யாருக்கென்று தெரியும். தோசையோ ரொட்டியோ, முறுகிய ஓரம் இருந்தால் யாத்விகா தொடமாட்டாள். ஓரத்தைப் பிய்த்துத் தான் தின்றுவிட்டு நடுத்துண்டைப் பிள்ளைக்கு வைப்பது பல வருடப் பழக்கம், செய்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

"எடுத்தா உடம்பு அசைவு பூரா மாறிரும்ங்க்கா. மறுபடி ஓட்ட நாளில்ல."

தாரகை திரையில் அந்த இலையைத் தொட்டுக் காட்டினாள். "அணிலு ஒண்ணு பக்கத்துல உடு. அது வந்து திங்கற மாதிரி வெச்சுரு. பிள்ளைக சிரிக்கும்."

யு சான்றிதழ் வந்தது. அஞ்சாத பெண்மையைப் போற்றும் படம் என்று தலைவர் தன் கைப்பட எழுதியும் கொடுத்தார்.

மே முதல் வாரம், காலைக் காட்சி. ஒன்றாம் வகுப்பு 'பி' பிரிவு அம்மா அப்பாக்களோடு வந்து இரண்டு வரிசையை நிரப்பியிருந்தது. யாத்விகா புது கவுன் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தாமரை மலர்ந்தது, அந்தப் பெண் எழுந்து நடந்தாள், தியேட்டர் கை தட்டியது.

"நான் எப்பம்மா வருவேன்?"

"பாரு சாமி. படத்தப் பாரு."

நாலைந்து பிள்ளைகள் திரும்பித் திரும்பி யாத்விகாவையும் திரையையும் பார்த்தன. ஆறு வந்தது. மரம் வந்தது. "நான் ஊட்ல இருக்கறனா?" என்று ஒரு தரம் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. திரையில் அந்தப் பெண் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தின்றாள், நடுத்துண்டை இலையில் மடித்து வைத்தாள், அணில் குதித்து வந்து அதைக் கவ்வியது. தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. அடுத்த தடவையும் சிரித்தது. மூன்றாம் தடவை அணில் வருவதற்கு முன்பே சிரித்தது. யாத்விகா சிரிக்கவில்லை. இருக்கையில் முன்னால் நகர்ந்து, நெற்றியைச் சுருக்கி, அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது இலையின்போது தாரகையின் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, அது எனக்கு எடுத்து வெச்சதுதான?"

பொய் சொல்ல நேரமில்லை. "ஆமா சாமி."

அணில் வந்தது. எல்லோரும் சிரித்து ஓயும்வரை யாத்விகா காத்திருந்தாள்.

"அப்பறம் ஏன் அத அணிலுக்குக் குடுத்த?"